உப்பும் மிளகாயும்: ஊறுகாயின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

புத்தளக் களப்பிற்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது கற்பிட்டித் தீபகற்பம். அதன் சிற்றூர்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. இப்பகுதியின் மணற்றோட்டங்களில் மிளகாய் சிறப்பாக விளைகின்றது. விளைச்சல் மிகும்போது விலை வீழ்கின்றது. அவ்வேளையில் பச்சைமிளகாயை ஊறவைத்துப் பேணுதலே சிறந்த வழி. ஆனால், சாடியில் ஊறும்போது மொறுமொறுப்பாயிருக்கும் மிளகாய், போத்தலில் அடைத்து அவித்தவுடன் குழைந்துபோவது ஏன்? இவ்வினாவிற்கு விடை தேட முற்படின், ஊறுகாயின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. அதன் தாயகம் அமெரிக்கா. கொலம்பசு 1492இல் அங்குச் சென்ற பின்னரே உலகின் ஏனைய பகுதிகள் அதனை அறிந்தன. போர்த்துக்கேயர் வாயிலாகப் பதினாறாம் நூற்றாண்டில் அது கீழைத் தேயங்களை அடைந்தது. நம் முன்னோர் அப்புதுக்காய்க்குப் பழைய மிளகின் பெயரையே சூட்டி, மிளகாய் என்றனர். இலங்கைத் தமிழரிடையே வழங்கும் கொச்சிக்காய் என்னும் பெயரோ, அது கொச்சித் துறைமுகத்தின் வழியே வந்ததனை நினைவூட்டுவதாகக் கருதுவர்.

காய் புதிது, ஊறவைக்கும் கலையோ பழையது. 1344இல் புத்தளத்திற்கு வந்த இபுனு பத்தூத்தா, அதற்கு முன்னர் ஆபிரிக்கக் கரையிலுள்ள மொகதிசுவில் தாம் பெற்ற விருந்தினை விவரித்துள்ளார். புளித்த காடியிலும் உப்பிலும் ஊறிய மிளகுக் கொத்துகள், எலுமிச்சை, பச்சை இஞ்சி, மாங்காய் ஆகியன அவ்விருந்தில் இடம்பெற்றன. அங்குக் கூறப்பட்டதனை மிளகாயெனக் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலத்தில் இப்பகுதிகளில் மிளகாய் இருந்ததில்லை. எனவே, மிளகிற்கும் மாங்காய்க்கும் பயின்ற முறையே பின்னர் வந்த மிளகாய்க்கும் பயன்பட்டது எனலாம். நாம் இன்று வழங்கும் அச்சாறு என்னும் சொல்லும் பாரசீகத்திலிருந்து பல கடல்களைக் கடந்து வந்ததே.

இக்கலைக்கு உயிர்நாடி உப்பு. புத்தளத்து உப்பின் பொருட்டு அரசுகள் போட்டியிட்டன. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபோதும், உப்பெடுக்கும் உரிமையைக் கண்டியர் விட்டுக்கொடுத்திலர். உப்பின்றி உள்நாடு வாழவியலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கடல்நீர் வற்றும்போது சுண்ணச்சத்துடைய உப்புகள் முதலிற் படியும். அடுத்து உண்ணும் உப்பு படிகமாகும். மகனீசிய உப்புகள் எஞ்சிய கைப்புநீரில் தங்கும். உப்பைக் குவித்து வைத்துக் கைப்புநீரை வடியவிடுதல் உப்பளத்தார் வழக்கம். அவ்வாறு செய்யாத உப்பு எளிதில் நீர்த்துக் கசக்கும்.

இனி முதல் வினாவிற்கு வருவோம். காயின் உறுதிக்குக் காரணம் அதன் கலச்சுவர்களைப் பிணைக்கும் பெக்தின் என்னும் பொருள். சுண்ணச்சத்து அப்பிணைப்பை இறுக்கும். மிகுந்த வெப்பம் அதனைத் தளர்த்தும். சாடியில் ஊறும் மிளகாய் வெப்பங் காண்பதில்லை. காற்றுப்புகாது அடைத்து அவிக்கும் முறையை உலகிற்கு அளித்தவர் பிரான்சு நாட்டு நிக்கலா அப்பேர். அவர் தம் முறையை 1810இல் நூலாக வெளியிட்டார். அம்முறை உணவைக் கெடாது காத்தது. ஆயினும் காயின் உறுதியைக் குறைத்தது. ஒரு நன்மைக்கு ஈடாக மற்றொன்றை இழக்க நேர்ந்தது.

யானும் முன்னொருமுறை போத்தல்களை நெடுநேரம் அவித்து, மிளகாயைக் களியாக்கியதுண்டு. பிழை காயில் இல்லை. பொறுமையின்றி மூட்டிய தீயில் இருந்தது. அன்றலர்ந்த உறுதியான காய்களையே தெரிதல் வேண்டும். காம்பை நீக்காது, ஊசியால் துளையிட்டால் வினாகிரி உட்புகும். சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்தலும் உறுதி தரும். ஆனால் அந்நீர் வினாகிரியின் புளிப்பை முறிக்குமாதலால், நல்ல நீரில் பன்முறை அலசுதல் இன்றியமையாதது. புளிப்புக் குறைந்த போத்தலில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு விளையக்கூடும். ஆகவே, மொறுமொறுப்பின் பொருட்டு வினாகிரியின் அளவையோ, உரிய அவிக்கும் நேரத்தையோ குறைத்தலாகாது. வேண்டுவதற்கு மிகுதியாக அவித்தலும் ஆகாது.

அமெரிக்கக் காய், பாரசீகப் பெயர், பிரான்சியப் போத்தல், புத்தளத்து உப்பு ஆகிய நான்கும் நம் அடுக்களையில் ஒன்றுகூடியுள்ளன. பழைமை யாவும் நம்முடையதென்று பெருமை பேசுதலும், புதுமை யாவும் சிறந்ததென்று மயங்குதலும் வரலாற்று மாணவர்க்கு ஒவ்வா. ஒவ்வொரு முறைக்கும் காரணம் வினவுதலே அவர்க்குரிய பணி. நம் அன்னையர் ஏன் அவ்வாறு செய்தனர் என்பதனை அவர்கள் உள்ளபோதே கேட்டறிந்து எழுதிவைப்போமாக. அவ்வறிவு சாடியோடு மறைந்துபோமாயின், விளைந்த காயைக் காக்கும் வழியையும் நாம் இழந்தவராவோம்.