கூரைக்குள் ஒரு ஓட்டப்பந்தயம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் 2025 பிப்ரவரியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஸ்டேட்டன் தீவில் ஓஷன் பிரீஸ் என்ற அரங்கில் அமெரிக்காவின் தேசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி. வெளியே கடுங்குளிர், உள்ளே பனியனும் டிராயருமாக ஓடுகிறார்கள். "சார், வளைவில தடம் எப்படிச் சாஞ்சிருக்கு பாருங்க, நம்ம ஊர் மரணக் கிணறு மாதிரி" என்று எழுதியிருந்தான். அன்றிலிருந்து இந்தப் போட்டியின் கதையைத் தேடிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நான் சரித்திர வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். பி.டி. சார் இல்லாத ஆறு வருஷம் விசிலும் என் கழுத்தில்தான் தொங்கியது என்பது பழைய பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். இந்தக் கதை அந்த விசில் மாட்டியவனை உறுத்தியது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நியூயார்க்கில் குளிர்காலம் வந்தால் மைதானம் பனியில் புதைந்துவிடும். 1868-இல் தொடங்கிய நியூயார்க் தடகளக் கிளப்காரர்கள் அந்த நவம்பரிலேயே பனிச்சறுக்குக் கொட்டகை ஒன்றில் போட்டி நடத்தினார்கள். அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி அமெரிக்காவில் அன்றுதான் முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்தது என்கிறார்கள். தேசிய அளவிலான உள்ளரங்கப் போட்டி என்று முறையாகத் தொடங்கியது 1906-இல், மேடிசன் ஸ்கொயர் கார்டனில். பெயரில்தான் கார்டன். குதிரைக் கண்காட்சி, சர்க்கஸ், குத்துச்சண்டை எல்லாம் நடக்கும் மண்டபம் அது.

அதற்குள் எப்படி ஓடுவது? பலகைகளைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டித் தடம் போடுவார்கள். போட்டி முடிந்ததும் கழற்றி அடுக்கிவிடுவார்கள். கார்டனின் தடம் ஒரு சுற்றுக்கு 160 கஜம். அப்படியானால் ஒரு மைலுக்கு 11 சுற்று, 22 வளைவு! வெளி மைதானத்தில் ஒரு மைலுக்கு எட்டு வளைவுதான். இவ்வளவு நெருக்கமான வளைவில் வேகமாக வருகிறவன் வெளியே தூக்கி எறியப்படாமல் இருக்கத்தான் தடத்தைச் சாய்த்துக் கட்டினார்கள். பலகையில் காலடி விழும் சத்தம் கூரை வரை எதிரொலிக்கும். கூட்டமோ சுருட்டுப் புகைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அந்தப் புகையை இழுத்துக்கொண்டே ஓட வேண்டும்.

மண்டபத்தின் அளவுதான் விளையாட்டையே தீர்மானித்தது. 100 கஜம் ஓட நீளம் போதாது, அதனால் 60 கஜம். பிறகு மீட்டருக்கு மாறியபோது அதற்குப் பக்கத்தில் இருந்த 55 மீட்டர். இப்போது உலகம் முழுக்க உள்ளரங்கில் 60 மீட்டர். சங்கிலிக் குண்டைச் சுழற்றி வீசினால் கூட்டத்தில் யார் மண்டையாவது உடையும். அதனால் குட்டைக் கைப்பிடி மாட்டிய 35 பவுண்டு எடையை எறியும் போட்டியை வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 16 கிலோ. உலக உள்ளரங்கப் போட்டியில் இது கிடையாது, அமெரிக்காவில் இன்றும் உண்டு. இல்லாததை நினைத்துப் புலம்பாமல் இருக்கிற இடத்துக்குத் தகுந்த விளையாட்டை உண்டாக்கிக்கொண்டார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தப் பலகைத் தடத்தின் ராஜா கிளென் கன்னிங்ஹாம். கான்சாஸ் மாநிலத்துப் பையன். 1917-இல், ஏழு வயதில், அண்ணனோடு பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே போய் அடுப்பை மூட்டியிருக்கிறான். மண்ணெண்ணெய் டப்பாவில் யாரோ தவறுதலாகப் பெட்ரோல் ஊற்றி வைத்திருந்தார்கள். அண்ணன் இறந்துபோனான். இவன் கால்கள் இரண்டும் வெந்துபோய், வெட்டி எடுப்பதைப் பற்றி டாக்டர்கள் பேசும் நிலைமை. பள்ளிக்கூடம் என்ற இடத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவனுக்கு இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பையன்தான் பிற்பாடு தேசிய உள்ளரங்கப் பட்டத்தைப் பலமுறை வென்றான். கார்டனில் ஓடிய 31 பந்தயங்களில் 21-இல் முதலிடம். தழும்பேறிய கால்களில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால், ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் மற்றவர்களைவிட நெடுநேரம் மெல்ல ஓடி உடம்பைச் சூடேற்றுவாராம். பின்னாளில் டாக்டர் பட்டம் வாங்கி, கல்லூரியில் உடற்கல்வி கற்பித்து, கடைசியில் தன் பண்ணையில் ஆதரவற்ற பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் நல்ல கதை இல்லை. பெண்களுக்கான தேசிய உள்ளரங்கப் போட்டி 1927-இல்தான் வந்தது. ஆண்களோடு ஒரே இடத்தில் நடக்க இன்னும் ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று. 1968-இல் புதிதாகக் கட்டிய கார்டனில் அந்தப் பழைய நியூயார்க் கிளப் தன் நூறாவது ஆண்டுப் போட்டியை நடத்தியது. கறுப்பர்கள் அந்தப் போட்டியில் ஓடலாம், அவர்களைப் பார்க்க டிக்கெட் விற்கலாம், ஆனால் கிளப்பில் உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள். கறுப்பின வீரர்கள் பெரும்பாலோர் வர மறுத்துவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் உயர்ந்த கைகளை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இந்த முன்கதை அப்போது எனக்கே தெரியாது.

1990-களில் தேசியப் போட்டி கார்டனை விட்டுக் கிளம்பி அட்லாண்டா, பாஸ்டன், அல்புகர்க்கி என்று ஊர் ஊராகப் போனது. அல்புகர்க்கி ஊட்டி மாதிரி உயரத்தில், ஆனால் கொஞ்சம் தாழ இருக்கிறது. சுமார் 1,600 மீட்டர். காற்று மெலிவு, குறுந்தூர ஓட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2018-இல் கிறிஸ்டியன் கோல்மன் 60 மீட்டரை 6.34 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்தது அங்கே நடந்த தேசியப் போட்டியில்தான்.

இனி என் விஷயம். நான் விசில் வைத்திருந்த காலத்தில் ஒரு கார்த்திகை மாதம். மைதானம் குளமாகிவிட்டது. மண்டலப் போட்டிக்கு மூன்று வாரம். "தண்ணி வடிஞ்சாத்தான் பிராக்டீஸ்" என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் போகாமல் மேலைக் கட்டட வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரை, கடைசியில் சுவர். "வழுக்கி விழுந்து மண்டையை உடைச்சுக்கப் போறியா, உங்க அப்பாவுக்கு யார் பதில் சொல்றது?" என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். மறுநாளிலிருந்து அவள் ஓடவில்லை. மண்டலப் போட்டியில் 100 மீட்டரில் நாலாவதாக வந்தாள். அடுத்த வருஷம் பெயரே கொடுக்கவில்லை.

அந்த வராந்தாவைப் போன வாரம் போய்க் காலடியால் அளந்து பார்த்தேன். ஏறக்குறைய 50 கஜம். கார்டன்காரனின் ஓட்டத்துக்குப் பத்துக் கஜம்தான் குறைவு. அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 60 மீட்டர் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தடுப்பு, அதில் தடித்த மெத்தை. ஓடி வந்தவர்கள் அதில் போய் மோதி நிற்கிறார்கள், சிரித்துக்கொண்டே திரும்புகிறார்கள்.

அம்மா, நீ இந்தப் பதிவைப் பார்ப்பாய் என்று தெரியும், போன மாதம்கூட என் பேத்தி படத்துக்கு லைக் போட்டிருந்தாய். அன்றைக்கு நான் உன்னைத் திட்டியது தப்பு. நம் ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில் பழைய இலவம்பஞ்சு மெத்தை நாலைந்து கிடந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது.