அரசலாற்றைப் பிடித்துக்கொண்டு கடல் வரை

தீபாவளிக்கு பெங்களூர்ல இருந்து வந்த மாமா பையன்தான் ஆரம்பிச்சு வச்சான். தாராசுரம் கோயில் புல்வெளியில உக்காந்திருந்தோம். "அத்தான், சீசன் இல்லாத நேரமாப் பாத்து கடற்கரையோரமா மூணு நாள் நடப்போம். மார்கழி விடியக்காலைல கடல்ல நீந்துவோம். சும்மா ஜில்லுனு இருக்கும்" என்றான். வெள்ளைக்காரர்கள் ஐஸ் தண்ணியில குதிக்கிற வீடியோ எதையோ பார்த்திருக்கிறான் போல.

முதலில் அந்த ஜில் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நம்ம சோழமண்டலக் கடல் மார்கழி, தையில்கூட 25 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். வடக்கு ஐரோப்பாக்காரனுக்கு அது வெந்நீர். மேலே அடிக்கிற வாடைக்காத்துதான் நமக்குப் பல்லைக் கிட்டிக்க வைக்கும். குளிர்ச்சிதான் வேணும்னா இந்தக் கோயிலோட யம தீர்த்தமே போதும். முனிவர் சாபத்தால் உடம்பு எரிச்சலில் தவித்த யமன் முங்கி எழுந்து குளிர்ந்து போன குளம் என்பது தலபுராணம். யமனுக்கே பத்தியது இவனுக்குப் பத்தாதா :-)

ஆனா அவன் சொன்னது மண்டைக்குள்ள உக்காந்துகிச்சு. காரணம் அரசலாறு. காவிரியில பிரிஞ்சு, கும்பகோணத்துக்கும் நமக்கும் பக்கத்துல ஓடி, காரைக்கால்ல கடலில் சேருகிற ஆறு. பழைய பேர் அரிசிலாறு. தினமும் பாலத்துல கடந்து போற ஆத்தோட இன்னொரு முனையை நான் நடந்து போய்ப் பார்த்ததே இல்லை. அதனால திட்டத்தைக் கொஞ்சம் மாத்தினேன். ஆத்தைப் பிடிச்சுகிட்டு காரைக்கால். அங்கேயிருந்து கரையோரமா வடக்கே நடந்து சந்திரபாடி, தரங்கம்பாடி, சின்னங்குடி, வானகிரி, பூம்புகார். கரையோர நடை மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல வரும்.

திட்டம் போட உக்காந்தவன் வழக்கம்போல சரித்திரத்துக்குள்ள போயிட்டேன். காரைக்கால் கடல்ல நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கூட்டம், நீச்சலுக்குன்னு வராமலேயே, தண்ணியில விழுந்து கரையேறியிருக்கு. 1618-ல் டென்மார்க்கிலிருந்து கிளம்பிய முதல் கப்பல் 'ஊரேசுண்ட்'. தலைவன் ரோலண்ட் கிராப்பே. பின்னாடி வரப்போற பெரிய கப்பல் கூட்டத்துக்கு முன்னோடியா வேவு பாக்க அனுப்பினது. காரைக்காலுக்கு அப்பால் போர்ச்சுக்கீசியர்கள் அதை அடித்து நொறுக்கிவிட்டார்கள். கப்பலில் இருந்த பெரும்பாலானவர்கள் செத்தார்கள், இல்லைன்னா பிடிபட்டார்கள். இரண்டு பேர் தலையைக் கழியில் குத்தி கடற்கரையிலேயே நட்டு வைத்தார்களாம், அடுத்து வர்றவன் பாக்கட்டும்னு. கிராப்பேயும் கூட 13 பேரும் மட்டும் எப்படியோ கரை சேர்ந்தார்கள். நம்ம ஆட்கள் பிடித்து, தஞ்சாவூருக்கு ரகுநாத நாயக்கரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். கந்தல் துணியோட கொண்டுவந்து நிறுத்தப்பட்ட ஆளு, வியாபாரம் பேச ஆரம்பிச்சுட்டான்! பெரிய கப்பல்களோட ஓவ் ஜெட்டி வந்து சேர்ந்த பிறகு 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆகி, தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கைக்குப் போனது. டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் தங்க ஓலையில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்னும் அந்த நாட்டில் பத்திரமா இருக்கு. கிராப்பே பின்னாடி தரங்கம்பாடிக்கே கவர்னர் ஆனார். 1845-ல் இங்கிலீஷ்காரனிடம் விற்கும்வரை ஊர் அவர்களிடம்தான். அந்தப் பதினாலு பேரும் தாராசுரம் வழியாகத்தான் நடத்திக் கூட்டிப் போகப்பட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆசை சரித்திரம் ஆகாது.

கிராப்பே கப்பலைக் கவிழ்த்தது பீரங்கி. காத்து கவிழ்த்த கணக்கு தனி. ஐப்பசி பாதியிலிருந்து தை வரை இந்தக் கரையில பாய்மரக் கப்பல்காரர்கள் நிக்கவே மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, அக்டோபர் நடுவுல, இங்கிலீஷ் போர்க்கப்பல்கள்கூட நங்கூரத்தை எடுத்துகிட்டு பம்பாய்ப் பக்கமோ திருகோணமலைக்கோ போயிடும். திறந்த கரை, ஒதுங்க ஒரு வளைகுடா கிடையாது. 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே லா பூர்தொனே தாமதிச்சு நின்னான், புயலில் கப்பல்களைத் தொலைச்சான்.

பஞ்சாங்கத்தை மட்டும் நம்பறதும் தப்பு. 1749-ல் தஞ்சாவூர் அரசுரிமைச் சண்டையில் தலையிட, கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து ஒரு இங்கிலீஷ் படை கரையோரமா தெற்கே நடந்தது. மாசம் ஏப்ரல், நல்ல சித்திரை. பரங்கிப்பேட்டைப் பக்கம் கூடாரம் போட்ட ராத்திரி புயல். கூடாரம், மூட்டை முடிச்சு, வண்டி மாடு எல்லாம் போச்சு. அதே புயலில் 'நாமூர்' என்ற போர்க்கப்பல் ஐந்நூறு பேருக்கு மேல் ஆட்களோட மூழ்கியது. மிச்சம் இருந்தவங்க கொள்ளிடம் வரை போய், தேவிக்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். அடுத்த தடவை புத்தியா கடல் வழியா வந்து பிடித்தார்கள்.

இதையெல்லாம் போனில் சொன்னப்ப மாமா பையன் சிரிச்சான். "நாம என்ன கப்பலா அத்தான்?"

அவனுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கும் தெரியாது. காலேஜ் படிக்கிறப்ப ஒரு டிசம்பர்ல நண்பர்களோட பூம்புகார் போயிருந்தோம். இடுப்பளவு தண்ணிதான். காலுக்குக் கீழே மணல் ஓடுவது தெரிஞ்சது. அடுத்த நிமிஷம் கரை தூரமா இருந்தது. கரையைப் பாத்து கையைக் காலை அடிச்சேன், ஒரு அடி நகரலை. கட்டுமரத்துல வந்த ரெண்டு பேர் தலைமுடியைப் பிடிச்சுத் தூக்கினாங்க. அவர்களில் பெரியவர் திட்டிகிட்டே சொன்னது இப்பவும் காதுல இருக்கு: "வாடையில தெக்கால இழுக்கும், முகத்துவாரத்துல வெளிய இழுக்கும், ரெண்டும் சேர்ற எடத்துல எறங்குற?" அதுக்கப்புறம் நான் கடலில் கால் நனைத்ததோடு சரி. 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் அதுவும் குறைஞ்சு போச்சு.

அவர் சொன்ன முகத்துவாரம்தான் நடைக்கும் பிரச்சினை. கோடையில் சின்ன ஆறுகளின் வாயை மணல் அடைச்சிடும், நடந்தே தாண்டலாம். மழைக்காலத்துல உடைச்சுகிட்டு ஓடும். நண்டலாறு, தரங்கம்பாடி உப்பனாறு எல்லாம் அப்படித்தான். நீந்திக் கடக்கலாம்னு நினைச்சா நான் பட்ட பாடுதான். ஒவ்வொண்ணுக்கும் உள்ளே போய் பாலம் ஏறித் திரும்பணும். தரங்கம்பாடியிலும் கோட்டைப் பக்கம் கருங்கல் கொட்டி வச்சிருக்கு, மணலில் நடக்க முடியாது. 1305-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலையே பாதி தின்ன கடல் அது. கல் போடாம என்ன செய்வாங்க?

கடைசியில் தேதியைத் தீர்மானித்தது மேட்டூர்தான். வழக்கமா ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். கடல் பொங்கலுக்கு அப்புறம்தான் அடங்க ஆரம்பிக்கும். ஆக, பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து 28-க்குள்ள கிளம்பினா ஆத்துல தண்ணியும் இருக்கும், கடலும் கொஞ்சம் சாந்தமா இருக்கும், விடியலில் பனியும் இருக்கும். இவன் கேட்ட நீச்சல் அரசலாற்றில், ஆழம் தெரிஞ்ச படித்துறைகளில் மட்டும். கடலில் முழங்கால் வரைக்கும்தான், அதுவும் முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, அந்தந்த ஊர் மீனவர்களைக் கேட்டுட்டு. ஒத்துகிட்டான், அரை மனசா.

நேத்து பையை எடுத்து வெயில்ல காயப் போட்டேன். அம்மா பார்த்துட்டு, "பூம்புகார் வரைக்கும் போறியே, தை அமாவாசையா பாத்துப் போயி சங்கமத்துல அப்பாவுக்கு ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடேன்" என்றாள். அமாவாசை என்னிக்குன்னு காலண்டரைப் பாத்தேன். நாங்க பூம்புகார் சேர்ற அன்னிக்கேதான்.

சரிம்மான்னு சொல்லியிருக்கேன்.