திறக்காத சிப்பி ஏலம்

தூத்துக்குடி முத்துக்குளிப்பில், சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்ட விற்பனை முறை. இதைச் சூதாட்டம் என்போர் உண்டு. அது பாதி உண்மையே. ஒப்பிட, சக்கரச் சூதாட்டமான ரூலெட்டைப் பார்ப்போம்: பூச்சியம் ஒன்றுள்ள ரூலெட்டில் 37 குழிகள். ஒற்றை எண்ணில் கட்டி வென்றால் 35 மடங்கு, சிவப்பு அல்லது கறுப்பில் ஒரு மடங்கு. எதில் கட்டினாலும் நாளடைவில் சுமார் 2.7 விழுக்காடு சூதாட்ட விடுதிக்கே போகும். ஏலத்தில் அப்படி முன்கூட்டியே விதித்த இழப்பு இல்லை: குளிப்புக்கு முன்பே மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்துகளை மதிப்பிட்டார்கள். மாதிரி சராசரியைத்தான் சொல்லும், கையிலுள்ள சிப்பியைச் சொல்லாது என்ற மறுப்பு சரிதான். ஆனால் அந்த ஆபத்து சில சிப்பிகள் மட்டும் வாங்கியவருக்கே பெரிது. பல்லாயிரம் வாங்கிய வணிகரின் கணக்கு சராசரியை நெருங்கும். கூலிக்குப் பதில் சிப்பிப் பங்கு பெற்ற முத்துக்குளிப்போர் நிலைதான் கொடுமை. மூச்சடக்கிய உழைப்பையே அவர்கள் பந்தயமாக வைக்க நேர்ந்தது. 1961க்குப் பின் இங்கே பெருங்குளிப்பு நடக்கவில்லை. சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளான முத்துப்பார்களில் சிப்பி போதிய அளவு பெருகவில்லை.