ஏற்றத்தில் இறங்கி நடப்பது பலவீனமா?



2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த பிறகு நம்மில் பலர் மீண்டும் சைக்கிளுக்கு வந்தோம். பிள்ளைகள் பலரும் சைக்கிளில்தான் பாடசாலைக்கு வருகிறார்கள். ஏற்றத்தில் இறங்கி உருட்டும் பிள்ளையைப் பார்த்து "சாப்பாடு காணாது" என்று சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு பழையது.

1870களில் பெடல் முன்சக்கரத்திலேயே பூட்டப்பட்டிருந்தது. சக்கரம் பெரிதானால் ஒரு மிதிக்குப் போகும் தூரமும் கூடும். ஆனால் கால் எட்டும் அளவுக்குத்தான் சக்கரம் வைக்கலாம். 1885இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, செயினால் பின்சக்கரத்தைச் சுற்றும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். பிறகு கணக்கெல்லாம் முன்னும் பின்னும் உள்ள பற்களில்தான்.

1903இல் ஹென்றி டெக்ராஞ்ச் பிரான்ஸைச் சுற்றும் 'டூர் டி பிரான்ஸ்' ஓட்டத்தைத் தொடங்கினார். கியர் மாற்றுவது 45 வயதைத் தாண்டியவர்களுக்கே உரியது என்பது அவர் எண்ணம். அதனால் வீரர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வேறுவேறு பல்லுச் சக்கரம் பூட்டினார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டார்கள். 1910இல் 2115 மீற்றர் உயரமான தூர்மாலே மலைப்பாதையில், அந்த வருடம் வெற்றி பெற்ற ஒக்தாவ் லாபீஸ்கூட இறங்கி நடந்தார். ஓட்டத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது.

அந்த மனிதருக்கா பலமில்லை? மலைக்கு அவருடைய பல்லுக் கணக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நமது 28 அங்குலச் சைக்கிளைப் பாருங்கள். முன்னால் 44, பின்னால் 18 பல்லு என்றால் ஒரு சுற்று மிதிக்கு ஏறக்குறைய 5.4 மீற்றர் போகும். பின்னால் 22 போட்டால் 4.5 மீற்றர்தான். சமதரையில் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவு பாரம் குறையும். பிரீவீல் இருப்பதால் இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கலாம். பிரீவீல் இல்லாத வண்டியில் பெடலும் சேர்ந்து சுற்றும், அதற்கு இவ்வளவு இலேசான கணக்குச் சரிவராது.

பிரீவீலை மாற்றும்போது பின்சக்கரத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளிப் பூட்ட வேண்டும். செயின் கட்டையானால் கண்ணி சேர்க்க வேண்டும். சைக்கிள் திருத்துபவருக்கு இது சின்ன வேலை.

பிள்ளையைக் குறை சொல்ல முன், பின்சக்கரத்தின் பற்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.