மூன்றில் ஒரு நூல்

வெஸ்ட் ஈலிங் வழியாக அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் ஓடும் 207ஆம் எண் பஸ், 2005இலிருந்து 2011 டிசம்பர் வரை நடுவில் மடிப்பு வைத்த நீள பஸ்ஸாக இருந்தது. லண்டனில் கடைசியாக விடைபெற்ற மடிப்பு பஸ்ஸும் அதுதான். நீளம் 18 மீட்டர். பந்தை உருட்டிப் பத்துப் பின்களை விழுத்தும் பௌலிங் ஆட்டத்தின் தடத்தில், ஆடுபவர் கால் தாண்டக் கூடாத கோட்டிலிருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி, அதாவது 18.29 மீட்டர். தெருமுனையில் திரும்ப வேண்டும் என்பதற்காக பஸ்ஸை வெட்டி நடுவில் மூட்டு வைத்தார்கள். தடத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக நினைத்தவர்களும் அதையேதான் செய்தாக வேண்டியிருந்தது. வித்தியாசம் ஒன்றுதான்: பஸ் தன் மூட்டில் ஆடலாம், தடம் ஆடக் கூடாது.

எவ்வளவுக்கு மேல் ஆடக் கூடாது என்று அமெரிக்க விதிப் புத்தகம் சொல்கிறது. தடத்தின் அகலம் 41½ அங்குலம். அந்த அகலத்துக்குள் மேடுபள்ளம் 0.040 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம் ஆசாரிமார் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆக, இது மூன்றில் ஒரு நூல். கதவு நிலை வைக்கும் ஆசாரியிடம் இந்த அளவைச் சொன்னால் சிரிப்பார்.

இப்படி ஒரு கண்டிப்பு வந்ததற்குக் காரணம், 1895 செப்டம்பரில் நியூயார்க்கின் பீத்தோவன் ஹாலில் கூடி அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள். அதுவரை ஊருக்கு ஓர் அளவு, மதுக்கடைக்கு ஒரு விதி. அவர்கள் அளவை ஒன்றாக்கினார்கள். ஒன்றாக்கியதும் ஒரு புதுத் தொல்லை பிறந்தது. எல்லோருக்கும் ஒரே அளவென்றால் எல்லோரும் ஒரே இடத்தில் போட்டியிடலாம்; ஆனால் அத்தனை பேரையும் தாங்கும் பௌலிங் கூடம் எந்த ஊரிலும் இல்லை. 1901 ஜனவரியில் சிகாகோவில் முதல் தேசியப் போட்டி நடந்தபோது 41 அணிகள் வந்தன. வெல்ஸ்பாக் கட்டடத்தில் தற்காலிகமாகத் தடங்களை அமைத்தார்கள். போட்டி முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். அடுத்த வருடம் வேறு ஊர், வேறு கூடம், மறுபடி தடம். பின்னாளில் சால்ட் லேக் சிட்டி, கார்பஸ் கிறிஸ்டி, பேட்டன் ரூஜ் என்று மாநாட்டுக் கூடங்களுக்குள் தடங்களை வரிசையாக இறக்கி, மாதக்கணக்கில் ஆடிவிட்டுக் கழற்றினார்கள். 1995இல் ரீனோ நகரில் இதற்கென்றே தேசிய பௌலிங் அரங்கம் திறந்த பிறகும் அந்த ஊர்சுற்றல் முழுதாக நிற்கவில்லை. இடம்பெயரும் தடம் என்பது யாரோ ஒரு கண்டுபிடிப்பாளரின் கொல்லைப்புறக் கிறுக்கு என்று நினைத்தால் தவறு. அந்த விளையாட்டின் பெரிய போட்டியே அதன்மேல்தான் நடந்து வந்திருக்கிறது.

அந்தப் பழைய தடத்தின் உடம்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 39 பலகைகள். ஒவ்வொன்றும் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான அகலம். படுக்கப் போட்டவை அல்ல. விளிம்பில் நிறுத்தி, ஒன்றோடு ஒன்று ஆணியடித்து இறுக்கியவை. பந்து வந்து விழும் முன்பகுதிக்கும் பின்கள் நிற்கும் மேடைக்கும் மேப்பிள் மரம். இடைப்பட்ட ஓட்டத்துக்கு பைன். மேப்பிள் அடி தாங்கும்; பைன் மெது, விலையும் குறைவு. பந்து சும்மா உருண்டு போகும் இடத்துக்கு அது போதும். இரண்டு மரமும் சந்திக்கும் இடத்தில் கைவிரல்களைக் கோத்ததுபோலப் பலகை விட்டுப் பலகை முன்னும் பின்னுமாக நுழைந்திருக்கும். தடத்தில் ஏழு அம்புக்குறிகள் தெரிகின்றனவே, அவை ஏறத்தாழ அந்தச் சந்திப்புப் பக்கம்தான். ஒரே நேர்க்கோட்டில் வெட்டிச் சேர்த்தால் அந்தக் கோட்டில் பந்து துள்ளும் என்பது பழைய தச்சர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பொருத்தைப் பார்த்தவர்கள் தடத்தைத் துண்டுபோடுவது என்ற யோசனையை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனாலும் துண்டு போட்டார்கள். 1947இல் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனுக்காக வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியில் அவருடைய சொந்த மாநிலமான மிசௌரியின் மக்கள் பௌலிங் தடம் அமைத்துக் கொடுத்தார்கள். ஐசன்ஹோவர் காலத்தில், 1955இல், இடம் தேவைப்பட்டதால் அதைக் கழற்றிப் பக்கத்து அலுவலகக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். காலியான இடத்தில் 1961இல் வந்ததுதான் உலக நெருக்கடிகளையெல்லாம் உட்கார்ந்து பேசும் சிச்சுவேஷன் ரூம்.

1964 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனது தடம், உண்மையாகவே மேலே. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 707 சரக்கு விமானத்துக்குள் பௌலிங் கருவிகள் செய்யும் ஏஎம்எஃப் நிறுவனம் ஒரு தடத்தை அமைத்தது. நியூயார்க்கிலிருந்து டல்லாஸ் போகும் வழியில், பறந்துகொண்டிருக்கும்போதே பௌலிங் ஆட்டக்காரர்கள் டிக் வெபரும் சில்வியா வீனும் அதில் பந்து உருட்டினார்கள். விளம்பரத்துக்காகச் செய்த வேலைதான். ஆனாலும் எனக்கு இதில் ஒரு பிரியம். பூமியில் ரசமட்டத்தை வைத்து மணிக்கணக்கில் சரிபார்க்கும் தடத்துக்கு, அங்கே சமன் என்பது விமானியின் கையில். அவர் மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் 60 அடித் தடமும் மலையேறும்.

அதே வெபரின் பெயரில் 2000இல் பிரிட்டனில் வெபர் கோப்பை தொடங்கியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் அந்தப் போட்டியை பார்ன்ஸ்லி மெட்ரோடோம் போன்ற அரங்குகளில் நடத்தினார்கள். பார்வையாளர்கள் குத்துச்சண்டை பார்ப்பதுபோலச் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவே ஒற்றைத் தடம்.

பிரிட்டனுக்கு இந்த விளையாட்டு கூரைக்குக் கீழ் வந்த கதையும் தரையைப் பற்றியதுதான். 1960 ஜனவரியில் வடக்கு லண்டன் ஸ்டாம்ஃபர்ட் ஹில்லில், சினிமாக் கொட்டகையாக இருந்த கட்டடத்தில் முதல் பத்துப்பின் கூடம் திறந்தது. தொலைக்காட்சி வந்து கொட்டகைகள் காற்று வாங்கிய காலம் அது. தூண் இல்லாத அகன்ற கூடம் வேண்டுமென்றால் சினிமாக் கொட்டகையை விட்டால் வேறு ஏது? ஆனால் கொட்டகைத் தரை திரையை நோக்கிச் சரிந்து இறங்கும். பந்துக்குச் சரிவு ஆகாது. அதன்மேல் புதிய சமதரை போட்டாக வேண்டும். ஆங்கிலேயர்களுக்கு உருட்டி விழுத்தும் ஆட்டம் புதிதல்ல. மேற்கு இங்கிலாந்தின் பப்களில் ஸ்கிட்டில்ஸ் இன்றும் குழு குழுவாக ஆடப்படுகிறது. ஆட்டம் இல்லாத நாளில் அறையைக் கல்யாணத்துக்கோ கூட்டத்துக்கோ விட வேண்டியிருப்பதால், அங்கே தடத்தைச் சுருட்டி வைப்பதும் மடக்கி ஓரத்தில் சாத்துவதும் சாதாரணம். அந்த ஆட்டத்துக்கு மேடுபள்ளம் ஒரு பொருட்டல்ல. ஊர்த்தடத்தின் கோணல், ஊர்க்காரனின் சாதகம்.

1970களின் கடைசியில் மரம் விலகத் தொடங்கியது. அழுத்தி ஒட்டிய செயற்கைத் தகடுகள் வந்தன. இன்று நீங்கள் எந்தக் கூடத்துக்குப் போனாலும் காலடியில் இருப்பது பெரும்பாலும் இவைதான். மேலே மரப்பலகைகளின் படம், அதே 39 பலகைகள், அச்சடித்திருக்கும். ஆட்டக்காரர்கள் பலகையை எண்ணித்தான் குறிவைக்கிறார்கள் என்பதால் அந்தப் படத்தை விடமுடியவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம் இதில் உண்டு: இந்தத் தகடுகள் தொழிற்சாலையிலிருந்து துண்டுகளாகவே வருகின்றன. நிலையான கூடத்தின் தடமும் இப்போது துண்டுகளைச் சேர்த்துத் திருகியதுதான். கூடத்துக்கும் ஊர்சுற்றிக்கும் மிஞ்சிய வேற்றுமை, அடியில் இருக்கும் தரை மட்டுமே.

இங்கேதான் வெஸ்ட் ஈலிங்கைப் பற்றிப் பேச வேண்டும். 1871இல் ரயில் நிலையம் வந்த ஊர். செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். சாப்பல் ரோட்டில் கனகதுர்க்கை அம்மன் கோயில். ஆகஸ்ட் மாதத் தேருக்குத் தெரு முழுக்க நம் சனம். முன்பு லிடோ என்ற சினிமாக் கொட்டகை இருந்து, இப்போது சந்திப்பின் பெயரில் மட்டும் மிச்சமிருக்கிறது. பந்து உருட்ட வேண்டுமென்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆக்டன் பக்கம், வெஸ்டர்ன் அவென்யூவில் இருக்கும் கூடத்துக்குப் போகிறோம். ஊரில் நமக்கு வாய்ப்பவை வாடகை மண்டபங்கள். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, பழைய மாணவர் சங்க ஆண்டுவிழா எல்லாம் அங்கேதான். அப்படி ஒரு மண்டபத்துக்குள் சனிக்கிழமை காலையில் தடத்தை இறக்கி, இரவு பதினொன்றுக்குள் கழற்றிக்கொண்டு போக முடியுமா?

மரத்தடத்தை அப்படியே பெயர்த்து வருவதை மறந்துவிடலாம். கோட்டிலிருந்து பின்மேடை முடியும் வரை ஏறக்குறைய 62 அடி 10 அங்குலம். இரண்டரை அங்குலக் கனம் என்று வைத்தாலே எடை 800 கிலோவைத் தாண்டும். பிரிட்டனில் ஓடும் வழக்கமான லாரி டிரெய்லரின் நீளம் 13.6 மீட்டர். வெட்டாமல் அதில் ஏறாது. ஆக, பிளைவுட். கடையில் கிடைக்கும் பலகை 8 அடிக்கு 4 அடி. எட்டுப் பலகையை நீளவாக்கில் வைத்தால் 64 அடி. தடத்துக்குப் போக ஒரு முழத்துக்கும் குறைவாக மிச்சம். இந்தக் கணக்கு இவ்வளவு அழகாகச் சரிவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அகலத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 41½ அங்குலம் போக மிஞ்சுவது ஆறரை அங்குலம். ஓரக் கால்வாய்க்கு 9¼ வேண்டும். கால்வாயை வேறு பொருளில் செய்துகொள்ள வேண்டியதுதான்.

18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் ஒன்று, அகலம் வெட்டிய பிறகு 31 கிலோ அளவில் வரும். கீழே சட்டம் அடித்தால் 40ஐ ஒட்டும். ஓர் ஆண் இடுப்பு உயரத்தில் உடம்போடு அணைத்துத் தூக்க 25 கிலோ என்பதுதான் இந்நாட்டு வேலைப் பாதுகாப்பு வழிகாட்டுதல். எனவே துண்டுக்கு இருவர் வேண்டும். அதுவும் மாடிப்படி இல்லாத மண்டபமாக இருந்தால். எடை அதிகம் என்று நாலு நாலு அடியாக வெட்டினால் ஏழு மூட்டு பதினைந்தாகும். துண்டு சிறுத்தால் முதுகு தப்பும், மூட்டு பெருகும். இடம்பெயரும் தடத்தை வடிவமைப்பவர் தீர்க்க வேண்டிய கணக்கு இது ஒன்றுதான் என்பேன். மற்றவையெல்லாம் விவரம்.

விவரங்களில் முக்கியமானது கால். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகத் திருகுகால் வைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, மோசமான யோசனை. ஆள் ஏறி மிதித்தால் ஒரு துண்டு அமுங்கும், அடுத்தது அமுங்காது. மூட்டில் படி விழும். மூட்டுக்கு நேர் கீழே குறுக்காக ஓர் உத்தரம் போட்டு, இரண்டு துண்டின் விளிம்பும் அதன்மேலேயே உட்கார வேண்டும். திருகுகால் உத்தரத்துக்குத்தான். அப்போது தாழ்ந்தாலும் இரண்டும் சேர்ந்து தாழும். விளிம்புகளில் முளையும் துளையும். துளையை அச்சு வைத்துத்தான் போட வேண்டும், கண்ணளவில் அல்ல. அப்படியும் ஒரு மயிரிழை வித்தியாசம் வருமானால், பந்து போகும் திசையில் அடுத்த துண்டு தாழ்ந்திருக்கட்டும், உயர்ந்திருக்க வேண்டாம். ஏழு கிலோ பந்து இறங்குபடியை ஓசையோடு கடந்துவிடும். ஏறுபடி அதைத் திசைமாற்றும்.

இப்போது காலம் ஓர் உதவி செய்திருக்கிறது. பின்களைப் பொறுக்கி நிறுத்தும் பழைய இயந்திரம் எடை மிகுந்தது, தூக்கிக்கொண்டு அலைய முடியாது. பின்களின் தலையில் நூல் கட்டி மேலே இழுத்து மறுபடி இறக்கும் முறை எளிது, மின்சாரமும் குறைவு. நூல்பின் ஆட்டத்தை அமெரிக்க பௌலிங் அமைப்பு 2023இல் தனிப்பிரிவாக அங்கீகரித்தது. பிரிட்டனில் ஹாலிவுட் பௌல் நிறுவனம் தன் கூடங்களிலேயே இதைக் கொண்டுவந்திருக்கிறது. பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். நூல் ஒன்றையொன்று இழுத்துப் பின்னை விழுத்துகிறது என்கிறார்கள். நியாயமான குறைதான். மண்டபத்துத் தடத்துக்கு அந்தக் குறை பெரிதில்லை.

பெரிய ஆட்டக்காரர்களுக்காக இதைச் சொல்லவில்லை. தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற தமிழ்நாட்டு வீரர் ஷபீர் தன்கோட் போன்றவர்களுக்கு, எண்ணெய் பூசிய முழுத்தடம் நிலையான கூடத்தில்தான் வேண்டும். முன்பகுதியில் எண்ணெய், பின்பகுதியில் வறட்சி என்று பூசி, பந்து வளைவதைக் கணக்குப் பார்த்து ஆடுவது அவர்கள் ஆட்டம். அதை வெறும் பிளைவுட்டில் கேட்பது அநியாயம்.

முழு 60 அடியையும் வெஸ்ட் ஈலிங் மண்டபத்துக்குள் திணிக்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு. ஓடிவந்து உருட்ட 15 அடி, பின்னுக்குப் பின்னால் இயந்திரத்துக்குச் சில அடி என்று சேர்த்தால் 80 அடியைத் தாண்டும். நாலு துண்டு, 32 அடி, இலேசான பந்து, நூல்பின்: பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது போதும், ஒரு வேனில் போகும். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய மண்டபமாக இருந்தால் உத்தரத்துக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு கட்டாயம். குளிர்காலத்தில் வேனிலிருந்து இறக்கிய பலகையைச் சூடான அறைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் பிறகு மூட்டுங்கள். உடனே இறுக்கினால் மூட்டு பிறகு திறந்துகொள்ளும். மண்டபம் பதிவு செய்யும்போது வாடகையையும் வண்டி நிறுத்தத்தையும் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு ரசமட்டத்தையும் நீளக் கயிற்றையும் எடுத்துப் போய்த் தரையை ஒருமுறை பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.