இறாற்பண்ணையும் போகக் கூட்டமும்

ஒரு குளத்து நீரைப் பங்கிட்டு வயல் செய்வோர் தத்தம் மனம்போல விதைப்பதில்லை. போகம் தொடங்குமுன் உழவர் ஒன்றுகூடி, விதைப்பு நாளையும் மடை திறக்கும் நாளையும் முடிவு செய்வது ஈழத்தின் பழைய வழக்கம். அந்நியர் ஆட்சியில் தளர்ந்துபோன அவ்வழக்கத்திற்கு 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் மீண்டும் வலுவூட்டிற்று. நெல்லுக்குரிய அந்நெறியை இறாலுக்கும் கைக்கொள்ள வேண்டிய நிலை வடமேல் மாகாணத்தில் ஏற்பட்ட வரலாறு, நேயர்கள் சிந்தித்தற்குரியது.

இலங்கையில் வணிக நோக்குடைய இறால் வளர்ப்பு 1970களின் இறுதியில் மட்டக்களப்புப் பகுதியில் தொடங்கியது. போர்ச்சூழலால் அங்கு அது நலிவுற, 1980களில் புத்தளம் மாவட்டத்தில் வேரூன்றியது. சிலாபம், முந்தல், புத்தளம் ஆகிய களப்புகளும், அவற்றைத் தொடுக்கும் ஒல்லாந்தர் கால்வாயும் பண்ணைகளுக்கு உவர்நீர் தந்தன. புலி இறால் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தது. பெருங் கம்பனிகளும் சிறு முதலுடையோரும் போட்டியிட்டுக் குளம் வெட்டினர். கண்டற் காடுகள் பல அழிந்தன.

செல்வம் பெருகிய அவ்வேகத்தில் ஒரு குறை கவனிக்கப்படாது போயிற்று. பண்ணைகள் நீரைப் பெற்றதும் அக்கால்வாயிலிருந்தே. கழிவை விட்டதும் அக்கால்வாயிலேயே. ஒருவர் வெளியேற்றிய நீரை அயலவர் தம் குளத்துக்கு ஏற்றினர். தோணிப் போக்குவரத்துக்கென அமைந்த நீர்வழி, இத்தனை பண்ணைகளின் சுமையைத் தாங்குமாறு இல்லை.

1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் பரவியது. மனிதருக்குத் தீங்கு செய்யாத அவ்வைரசு, ஒரு குளத்து இறால் முழுவதையும் சில நாட்களில் மடியச் செய்யவல்லது. நோய் கண்டதும் எஞ்சியதையேனும் விற்றுவிட எண்ணிக் குளத்தைத் திறந்துவிடுபவர், தம் நட்டத்தைக் குறைக்க முயன்று அயலவருக்கு நோயை அனுப்பியவராவார். பண்ணைகள் பல கைவிடப்பட்டன. பெருங் கம்பனிகள் பல விலகின. வேறு பிழைப்பறியாத சிறு பண்ணையாளரோ கடனோடு நின்றனர்.

அந்நோய்க்கு மருந்தில்லை. கட்டுப்பாடு ஒன்றே வழி என்பது தெளிவாயிற்று. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தேசிய அதிகாரசபை ஒன்று அமைந்தது. பண்ணையாளரும் ஊர்தோறும் சங்கங்களாகத் திரண்டனர். அதிகாரசபையும் சங்கப் பிரதிநிதிகளும் ஒருங்கிருந்து வளர்ப்பு நாட்காட்டி வகுக்கும் முறை பின்னர் நிலைபெற்றது. நீர் வரும் வழியை ஒட்டி அப்பிரதேசம் 5 வலயங்களாகவும் 32 உபவலயங்களாகவும் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் உபவலயமும் எப்போது குஞ்சு விடலாம், எப்போது குளத்தைக் காயவிட வேண்டும் என்பன முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. குஞ்சுகளை விடுமுன் வைரசுப் பரிசோதனை செய்தலும், நோய் கண்டால் உடனே அறிவித்தலும், அந்நீரை வெளியே விடாதிருத்தலும் கடமைகளாயின.

சொல்வதற்கு எளிதாயினும் இது கடைப்பிடித்தற்கு அரிது. சந்தையில் விலை உயர்ந்திருக்கும் வேளையில், கடன்காரர் வாசலில் நிற்க, தம் குளத்தை வெறுமையாக விட்டுக் காத்திருப்பவரின் மனநிலையை எண்ணுக. அவர் பொறுத்திருப்பதால் வரும் நன்மை அயலவருக்கு. அயலவர் பொறுத்திருப்பதால் வரும் நன்மை அவருக்கு. இருவருள் ஒருவர் முறை தவறினும் இருவருக்கும் கேடாகும். சட்டத்தின் கண் எல்லாக் குளத்தையும் எந்நேரமும் காணாது. பக்கத்துக் குளத்தாரின் கண் காணும். ஆதலினால், அதிகாரியின் ஆணை எட்டாத இடத்திலும் சங்கத்தின் சொல் எட்டுவதாயிற்று.

நோய் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அழிந்த கண்டற் காடுகள் யாவும் மீளவுமில்லை. ஆயினும், அற்றுப்போகும் என அஞ்சப்பட்ட தொழில் நிலைத்தது. வயலுக்குத் தனித்தனி வரம்புகள் உண்டு. அவ்வயல்களுக்குப் பாயும் நீருக்கு வரம்பில்லை. இதனை நன்குணர்ந்தே முன்னோர் போகக் கூட்டம் கூட்டினர். அவ்வறிவை இறாற்பண்ணையாளர் பெருவிலை கொடுத்தே மீண்டும் கற்றனர்.