தகரத் துண்டும் குடியுரிமையும்

புனே நகரில் ஆண்டுதோறும் சங்க விழாவிற் கூடி மகிழும் நாம், கடல் கடந்து சென்ற நம்மவரையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். பிழைப்பை நாடி நம் முன்னோர் வடக்கே இரயிலேறினர். வேறு பலர் தெற்கே கப்பலேறினர். இருவரையும் ஓட்டியது ஒரே வறுமை. ஆயினும் இருவர்க்கும் கிட்டிய உரிமை ஒன்றன்று.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டிற் காப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. கங்காணிமார் திரட்டிச் சென்ற தமிழ் மக்களே காடு வெட்டி அவற்றை உண்டாக்கினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எந்தத் தோட்டத்திற்குரிய ஆள் என்பதைக் காட்ட எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று அவர்களுக்கு அளிக்கப்பட்டது. ஊரும் பேரும் உடைய மனிதர், துரைமார் கணக்கில் ஓர் எண் ஆயினர்.

1931இல் இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமை வந்தபோது, நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவர்களிற் பலரும் வாக்குப் பெற்றனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் அந்நாட்டிற் பிறந்தது மட்டும் போதாது. தந்தை அங்கே பிறந்திருத்தல் வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது. லயத்து அறையிற் பிறந்த தந்தையின் பிறப்பைத் தாளிற் காட்டுவது எங்ஙனம்? 1949இல் விண்ணப்பித்துப் பெறும் வழியொன்று வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேர் விண்ணப்பித்தனர். பெற்றவரோ ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. அதே 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று.

இச்செயலைச் சிங்கள இடதுசாரித் தலைவர் பலர் எதிர்த்தனர்; செல்வநாயகம் அவர்களும் எதிர்த்தார். தமிழ்த் தலைவருள்ளும் சிலர் 1949ஆம் ஆண்டுச் சட்டத்திற்குத் துணைநின்றனர் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோரின் விருப்பத்தைக் கேட்டு இக்கணக்கு எழுதப்படவில்லை. திரும்பியோரிற் பலர் நீலகிரியிலே மீண்டும் தேயிலை பறித்தனர். அங்கே "கள்ளத்தோணி" எனப்பட்டவர், இங்கே "சிலோன்காரர்" எனப்பட்டனர்! 1984இல் போரினாற் கப்பல் நின்றது. பலர் அங்கேயே தங்கிவிட்டனர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றோர் என்னும் பழி நீங்கிற்று. 1948 முதல் எண்ணினால் 55 ஆண்டுகள்!

எழுத்தர் பணியில் நாள்தோறும் தாள்களோடு பழகும் நாம், பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்ததற்காக முதியவர் பலமுறை அலைவதைக் கண்டிருக்கிறோம். தாள் மனிதனுக்காக வந்தது. மனிதன் தாளுக்காக வந்தவனல்லன். உழைப்பை எண்ணிட்டுப் பெற்றுக்கொண்டு, உரிமை கேட்குங்கால் "நீ யார்?" என வினவுதல் அறமாகாது.

இந்தியாவில் எங்கும் சென்று குடியேறி வாழும் உரிமையை நம் அரசியற் சட்டத்தின் 19ஆம் பிரிவு தருகிறது. அதனாலன்றோ முட்டா, முளா நதிக்கரையில் நாம் அச்சமின்றி வாழ்கிறோம். நம் மக்களின் பிறப்புப் பதிவைப் பேணிக் காப்போமாக. நாளை நம் குடியிருப்புக்கு மூட்டையுடன் வரும் வேற்றூர்த் தொழிலாளியை, மொழி எதுவாயினும், "எங்கிருந்து வந்தாய்?" என இகழாது, "உண்டாயா?" என்று கேட்போமாக. மலைநாட்டு மக்களின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.